எடைத்தாள்

முற்பகல் பதினொன்று.
ஓடுபாதையின் மேல் காற்று நெளியத் தொடங்கிவிட்டது.
கென்யாவின் மேற்கு மேட்டுநிலம் இது,
கடலிலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே.
இந்த மெலிந்த காற்றைக் குடித்துத்தான்
எங்கள் பிள்ளைகள் நெடுந்தூரம் ஓடிப்
பதக்கத்தோடு திரும்புகிறார்கள்.
இதே காற்றுதான்
விமானத்தைத் தூக்கச் சொன்னால்
கை வலிக்கிறது என்கிறது.

என் வேலை கூட்டல் கழித்தல்.
எரிபொருள், சரக்கு, வெப்பம், பாதையின் நீளம்.
நான்கையும் ஒரே தாளில் அடக்கி
கீழே ஜெபிவொட் என்று எழுதினால்
அது பறக்கலாம்.

இரண்டு வருடமாக
வயிறு முட்ட வந்து பட்டினியாகத் திரும்பின விமானங்கள்.
கைபேசிகள் இறங்கும், பழந்துணி மூட்டைகள் இறங்கும்,
மோட்டார் சைக்கிள் உதிரிகள் இறங்கும்.
"திரும்ப ஏற்ற என்ன இருக்கிறது?" என்றார் ஒரு கேப்டன்.
"காற்று" என்றேன்.
"அதுவும் இங்கே குறைவு."

அதனால்தான் வந்தது மண்டலம்.
வேலிக்கு அப்பால் நானூறு ஏக்கர்.
முதலில் பெயர்ப்பலகை, பிறகு சாலை,
பிறகு சாலைக்கு ஒரு பெயர்,
கடைசியில் மின்சாரம்.
குளிர்கிடங்குக்கு எதிரே
செரோனோவின் தகரக் கடை, தேநீரும் சமோசாவும்.
வரைபடத்தில் இல்லை அது.
இதுவரை லாபம் பார்த்ததும் அது ஒன்றுதான்.

இன்று முதல் ஏற்றுமதி.
விடியலில் கிளம்பியிருந்தால் பதினான்கு டிகிரி,
எல்லாமே ஏறியிருக்கும்.
மேடையில் ஏழு பேர் பேசினார்கள்.
ஒவ்வொருவரும் இறங்கும்போது
வெப்பமானி ஒரு படி ஏறியது.
நன்றியுரைக்கு இரண்டு படி.

நான்கு டன்னை இறக்க வேண்டும்.
எந்த நான்கு?
ரோஜா ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.
பீன்ஸ் தாமதித்தால் அபராதம்.
வெண்ணெய்ப்பழம் கல் மாதிரி, இரண்டு நாள் கிடக்கும்.
பொறுமையாக இருப்பதை இறக்கு:
எந்தக் கையேட்டிலும் இல்லாத
எங்கள் தொழிலின் விதி.

பதினொன்றாம் தட்டு இறங்கியது.

வாயிலில் நின்றார் பர்னபாஸ் சிட்டியெனெய்,
தேவாலயத்துக்கு மட்டும் போடும் கோட்டில்.
"என்னுடையதா?"
"உங்களுடையதும்."
"ஏன்?"
தாளைத் திருப்பிக் காட்டினேன். பாதை குட்டை.
"எவ்வளவு குட்டை?"
சொன்னேன்.

கிழக்கே பார்த்தார்.
ஓடுபாதை முடிகிற இடத்தில்
வேலியைத் தாண்டி ஆளுயரம் நின்றது
அவருடைய மக்காச்சோளம், ஆறு ஏக்கர்.
நீளப்போகும் எண்ணூறு மீட்டர்
அதன் குறுக்கேதான் போகிறது.
மூன்று முறை விலை பேசினார்கள்.
மூன்று முறையும்
தேநீர் கொடுத்து அனுப்பினார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தார்.
"அப்படியானால் என் பழத்தின் மேல்
என் சோளமே ஏறி உட்கார்ந்திருக்கிறது."
"ஏழு பேரின் பேச்சும்தான்" என்றேன்.
"அதற்குத் தாளில் கட்டம் இல்லை."

விமானம் ஓடியது.
இருந்த பாதை அத்தனையும் தின்று
கடைசி வெள்ளைக் கோட்டில் மனமில்லாமல் எழும்பியது.
சோளம் மொத்தமும் ஒரு பக்கம் படுத்து
மெல்ல நிமிர்ந்தது.
அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.
எதையோ எண்ணினார்.
பிரார்த்தனை இல்லை, எண்கள்தான்,
எனக்குப் பழகிய அசைவு.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"
"ஐந்தரை. இருட்டிலேயே."
"மேடை?"
"பிரித்தாயிற்று."

பெட்டியிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக்
கட்டைவிரலால் அழுத்தினார்.
"பொறுக்கும்" என்றார்.
எது என்று நான் கேட்கவில்லை.

அவர் போன பிறகு
பதினொன்றாம் தட்டை மறுபடி நிறுத்தேன்.
வெயிலில் நின்றதில்
மூன்று கிலோ குறைந்திருந்தது.
பழைய எண்ணை அடித்து
மேலே புதியதை எழுதினேன்.